வெள்ளிக்காசும் வெளியூர்ச் சோறும்



விருத்தாசலத்தில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த குடும்பம் ஒன்று, சென்ற கோடை விடுமுறையில் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் சென்று வந்தது. பீங்கான் தொழிற்பேட்டையில் சிறு சூளை ஒன்றை நடத்தும் நண்பர், அவர் மனைவி, இரு பிள்ளைகள், எழுபதை நெருங்கும் தாயார் என ஐவர். திரும்பி வந்ததும் நலம் விசாரிக்கச் சென்றேன். கடலையும் எரிமலையையும் பற்றிப் பிள்ளைகள் பேசினர். தாயாரோ, "நாலு நாளா வாழைப்பழமும் பன்னும்தான் தம்பி. அஞ்சாம் நாள்தான் சோத்தைக் கண்ணால பார்த்தேன்" என்றார்.

பயண ஏற்பாட்டாளர் இரவு உணவை மட்டும் ஓர் இந்திய உணவகத்தில் ஒழுங்கு செய்திருந்தார். அங்கும் இறைச்சி எவ்வாறு அறுக்கப்பட்டது என்பது தெளிவாகத் தெரியாததால் தாயார் தயிரும் ரொட்டியுமாக எழுந்துவிட்டார். பகலில் அதே உணவகத்திற்குச் சென்றால், ஐவர் உண்ணும் ஒரு வேளைக்கு ஊரில் ஒரு வாரத்து அடுப்புச் செலவு ஆகிறது. தெருவோரக் கடைகளிலோ பன்றி இருக்குமோ என்ற அச்சம். ஆகவே பட்டினியே பேணுதல் என்று அந்த அம்மையார் முடிவு செய்துவிட்டார். அவரைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. ஆனால் அந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வெள்ளிதோறும் நம்மில் பலர் ஓதிவரும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் 19ஆம் வசனத்தை எண்ணிப் பாருங்கள். குகைவாசிகள் நெடுந்துயிலிலிருந்து எழுகின்றனர். கண்டுபிடிக்கப்பட்டால் கல்லால் அடித்தே கொல்லப்படுவர் என்ற நிலை. அந்நிலையிலும் பசியைப் பொறுத்துக்கொண்டு கிடப்போம் என்று அவர்கள் கூறவில்லை. தம்மிடம் இருந்த வெள்ளிக்காசைக் கொடுத்து ஒருவரை நகருக்கு அனுப்புகின்றனர். மிகத் தூய்மையான உணவு எது என்று அவர் பார்த்துத் தேர்ந்து வாங்கி வரவேண்டும், மென்மையாகவும் நடந்துகொள்ளவேண்டும். அவ்வசனத்தில் உணவுக்கு அடைமொழியாக வரும் 'அஸ்கா' என்ற சொல்லுக்கு, ஹலாலாக அறுக்கப்பட்டது, சிறந்தது என்றெல்லாம் பொருள் கூறிய விரிவுரையாளர்களுள் சிலர், விலை மலிவானது என்றும் ஒரு பொருளைப் பதிவு செய்துள்ளனர். அன்னிய நகரில் கையில் ஒரு காசுடன் நல்ல உணவைத் தேடுவது எப்படி என்பதற்கு இதைவிட அணுக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை. தேட வேண்டும், ஆராய வேண்டும், கனிவோடு கேட்க வேண்டும். வாயைக் கட்டிக்கொள்வதில் இம்மூன்றுமே இல்லை.

பாலியில் பெரும்பான்மையோர் இந்துக்கள். முஸ்லிம்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். தீவின் புகழ்பெற்ற விருந்துணவு 'பாபி குலிங்' எனும் முழுப்பன்றி வாட்டல். 'லாவார்' என்பது காய், தேங்காய்த் துருவல், கொத்திய இறைச்சி ஆகியவற்றின் கலவை. அதன் சிவப்பு வகையில் இரத்தமும் சேரும். 'நாசி சம்பூர்' எனப்படும் கலவைச் சோற்றுத் தட்டில், கடையைப் பொறுத்துப் பன்றித்துண்டும் இருக்கக்கூடும். எனவே அம்மையாரின் அச்சம் அடிப்படையற்றது அன்று. ஆயினும் அது பாலி உணவின் ஒரு பாதிதான்.

அத்தீவில் பல தலைமுறைகளாக வேரூன்றிய முஸ்லிம் ஊர்கள் உள்ளன. வடக்கே புலெலெங் பகுதியில் பெகயாமான், மேற்கே ஜெம்ப்ரானாவில் லோலோவான், கிழக்கே கெல்கெல், தலைநகர் டென்பசாரிலேயே கெப்பாவோன். பெகயாமான் மக்கள், பாலி மரபுப்படி பிறப்பு வரிசையைக் குறிக்கும் வாயான், ஞோமான், கெத்துத் போன்ற பெயர்களோடு முஹம்மத், அப்துல்லாஹ் என்ற பெயர்களையும் சேர்த்தே வைத்துக்கொள்பவர்கள். இவர்கள் சமைப்பதும் பாலி உணவுதான். பன்றியும் இரத்தமும் இல்லாத பாலி உணவு. வெளியூர் முஸ்லிம் தேடிச் செல்லவேண்டிய அடுப்பு இவர்களுடையது. நாமோ ஆயிரக்கணக்கான மைல் பறந்து சென்று பனீர் பட்டர் மசாலாவைத் தேடுகிறோம்!

'ஆயாம் பெத்துத்து' என்றொரு கோழி உணவு அங்கே உண்டு. மேற்கு முனைத் துறைமுகமான கிலிமானுக் அதற்குப் பெயர்பெற்றது. மஞ்சள், இஞ்சி, பேரரத்தை, கச்சோலம், பூண்டு, சிறுவெங்காயம், மிளகாய் முதலியவற்றை இடித்த மசாலையை முழுக்கோழியின் உள்ளும் புறமும் அப்பி, வாழையிலையிலோ பாக்குமட்டையிலோ பொதிந்து, உமி நெருப்பில் மணிக்கணக்கில் வேகவிடுவது பழைய முறை. 'திப்பாட் சன்தொக்' என்பது தென்னங்குருத்தோலைக் கூட்டில் வேகவைத்த சோற்றுக்கட்டியை நறுக்கி, அவித்த காய்களோடு நிலக்கடலைத் துவையலில் பிசைந்து தருவது. தென்னார்க்காட்டு மல்லாட்டையில் வளர்ந்த நமக்கு அதில் அன்னியம் ஏதுமில்லை. அவித்த கீரையைத் தேங்காய்த் துருவலோடு கலந்த 'ஊராப்', நம் பொரியலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. உள்ளங்கையளவு சோற்றையும் சிறிது தொடுகறியையும் வாழையிலையில் மடித்து விற்கும் 'நாசி ஜிங்கோ' மிக மலிவானது. இரண்டு பொட்டலத்தில் ஒரு பிள்ளையின் வயிறு நிறையும். ஜிம்பாரான் கடற்கரையில் உட்கார்ந்து உண்ணும் மீனுக்கு மாலைச் சூரியனின் விலையையும் சேர்த்தே வாங்குவார்கள். அருகிலுள்ள கெடொங்கானான் மீன்சந்தையில் மீனை எடைபோட்டு வாங்கிப் பக்கத்துக் கடையில் கூலி கொடுத்துச் சுடச்சொன்னால் செலவு வெகுவாகக் குறையும். கடல் உணவை அனுமதிக்கும் வசனம் (5:96) யாவரும் அறிந்தது. நண்டு, கணவாய் ஆகியவற்றில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு, மீனில் இல்லை. சுடும் கம்பியில் பன்றி வைக்கப்படுவதுண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்பதற்கு மொழி தெரியாதே என்பார்கள். ஐந்தாறு சொற்கள் போதும். பாபி என்றால் பன்றி, ஆயாம் கோழி, இக்கான் மீன், சாப்பி மாடு, தெலுர் முட்டை. 'வாருங்' என்றால் சிறு உணவுக்கடை. பலகையில் 'வாருங் முஸ்லிம்' என்றே பலர் எழுதி வைத்திருப்பார்கள். ஹலால் என்ற சொல்லோ உலகெங்கும் ஒன்றே. 'சாத்தே லிலிட்' எனப்படும் குச்சிக் கைமாவை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். மீனிலும் செய்வார்கள், கோழியிலும் செய்வார்கள், பன்றியிலும் செய்வார்கள்.

இந்தோனேசியாவில் ஹலால் பொருள் உறுதிச் சட்டம் 2014இல் இயற்றப்பட்டது. உணவுப் பொருள்களுக்கான சான்றிதழ் 2024 அக்டோபர் முதல் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. சிறு வணிகர்களுக்குக் கூடுதல் அவகாசம் தரப்பட்டுள்ளது. ஆகவே சுவரில் சான்றிதழ் இல்லை என்பதற்காகத் தொப்பியணிந்த மூதாட்டி ஒருவரின் கடையை நாம் ஐயத்தோடு கடந்துபோக வேண்டியதில்லை. புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய மக்கள் கொண்டுவரும் இறைச்சியில் இறைவனின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லையே எனச் சிலர் வினவியபோது, நீங்கள் பெயர் கூறி உண்ணுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததை ஆயிஷா (ரலி) அறிவிக்க, புகாரியில் காண்கிறோம். முஸ்லிமின் அடுப்பை நம்புவதற்கு அந்த நபிமொழியே வழிகாட்டுகிறது. ஹலால் பலகையின் கீழ் நின்று, அறுத்தவர் யார், கத்தி எது என்று சமைப்பவரைக் குறுக்கு விசாரணை செய்யும் நம் சகோதரர்கள் இதைச் சற்று நினைக்கலாம்.

இனித் தட்டு. பன்றி சமைக்கும் கடையில் காய்கறிச் சோறு மட்டும் வாங்கினாலும் தட்டு என்னாவது என்பது அந்த அம்மையாரின் கேள்வி, நியாயமான கேள்வி. பிறரின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஅலபா (ரலி) அவர்களும் கேட்டிருக்கிறார்கள். வேறு கிடைத்தால் அவற்றில் உண்ணாதீர்கள், கிடைக்காவிட்டால் கழுவி உண்ணுங்கள் என்பதே நபியவர்கள் தந்த விடையின் கருத்து. பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவவேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தட்டின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. முதல் சூட்டோடு நின்ற பண்டம் நாவில் வைத்தால் ஒட்டும், நீரை உறிஞ்சும். கிளேஸ் பூசி மறுபடி சுட்ட பீங்கான் ஒரு சொட்டையும் உள்ளே விடாது. ஆனாலும் பிறர் கடையில் ஏழு முறை கழுவச் சொல்லிக்கொண்டு நிற்க முடியுமா? வாழையிலைப் பொட்டலமாகக் கேளுங்கள். பாலியின் சிறு கடைகளில் ஈர்க்கினால் பின்னிய 'இங்கா' என்ற தட்டும் உண்டு. அதன்மேல் இலையையோ தாளையோ விரித்துத்தான் சோறு வைப்பார்கள். இவையிரண்டும் தட்டின் சிக்கலைத்தான் தீர்க்கும். ஒரே எண்ணெய், ஒரே கரண்டி என்ற ஐயம் எழுந்தால் அந்தக் கடையை விட்டுவிடுவதே நன்று. அதற்காக ஊரையே விட்டுவிட வேண்டியதில்லை.

அந்தக் குடும்பத்திற்கு ஐந்தாம் நாள் சோறு கிடைத்த விதத்தைச் சொல்கிறேன். வண்டியோட்டி ஓர் இந்து. நான்கு நாளும் பின்னிருக்கையில் முதியவர் ஒருவர் வாழைப்பழம் உரிப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். "அம்மாவுக்கு உடல்நலம் இல்லையா?" என்று அவர் கேட்ட பின்புதான் நண்பர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று வருந்திய அம்மனிதர், மறுபேச்சின்றி வண்டியைக் கெப்பாவோனுக்குத் திருப்பினார். பள்ளிவாசலில் லுஹர் தொழுதார்கள். வெளியே நின்ற பெரியவர் ஒருவர் பக்கத்துச் சந்தில் ஒரு கடையைக் காட்டினார். கோழியும் ஊராப்பும் சோறுமாக ஐவரும் வயிறார உண்டனர். வண்டியோட்டியும் உடன் அமர்ந்தார். ஆறு பேருக்கும் சேர்த்து ஆன செலவு, இந்திய உணவகத்தில் ஒருவருக்கு ஆனதைவிடச் சற்றே கூடுதல் என்றார் நண்பர்.

அந்தக் கெப்பாவோனில் ரமளானின் பத்தாம், இருபதாம், முப்பதாம் நாள்களில் குர்ஆன் ஓதி நிறைவுசெய்த பின், ஒரே தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்து உண்பார்கள். 'மெகிபுங்' என்று அதற்குப் பெயர். பாலியின் கிழக்கிலுள்ள காராங்காசெம் பகுதியிலிருந்து வந்த பழக்கம், இந்துக்களிடமும் உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சஹனைச் சுற்றி அமர்ந்து கல்யாணச் சோறு உண்ட எவருக்கும் அது சொந்த வீட்டுக் காட்சி. பெருநாளில் முஸ்லிம்கள் இந்து அயலாருக்கும், இந்துக்கள் தம் பண்டிகையில் முஸ்லிம்களுக்கும் உணவு அனுப்பும் 'ஙெஜோட்' வழக்கமும் அங்கே இருக்கிறது. கோயில்கள் நிறைந்த தீவுக்கு முஸ்லிம் ஏன் போகவேண்டும் என்று எங்கள் பள்ளிவாசல் திண்ணையில் ஒருவர் கேட்டார். பழமலைநாதர் கோயில் கோபுரங்களைப் பார்த்தபடிதானே நாம் ஐவேளையும் தொழப் போகிறோம் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

பயண ஏற்பாட்டாளர்களிடம் பேசும்போது 'இந்திய இரவு உணவு' சேர்ந்த திட்டத்தை மறுத்து, காலை உணவு மட்டும் உள்ளதைக் கேளுங்கள். மிச்சமாகும் தொகையில் பாதிகூடச் செலவாகாமல் அவ்வூர் முஸ்லிம்களின் கடைகளில் உண்ணலாம். தொழுகை நேரத்தை ஒட்டி ஒரு பள்ளிவாசலைச் சென்றடையும்படி நாளை அமைத்துக்கொண்டால், உணவுக்கான விடையும் அங்கேயே கிடைத்துவிடும்.

இதையெல்லாம் பாலிக்காரர்களிடம் எதிர்பார்க்கும் நாம், நம் ஊருக்கு வருபவருக்கு என்ன செய்கிறோம்? விருத்தாசலம் சந்திப்பில் சேலத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வண்டிகள் வந்து நிற்கின்றன. பீங்கான் தொழில்நுட்பம் பயில வெளியூர் மாணவர்கள் வருகிறார்கள். சரக்கு வாங்க வணிகர்கள் வருகிறார்கள். மஃரிபுக்குப் பின் முன்பின் தெரியாத ஒருவர் பள்ளிவாசல் வாசலில் நின்று உணவுக்கு வழி கேட்டால், பெரும்பாலும் நெடுஞ்சாலையில் வண்ணவிளக்கு எரியும் பிரியாணிக் கடையைத்தான் கைகாட்டுகிறோம். நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும் நியாய விலையில் தரும் வீட்டுக்கடைகள் இரண்டு சந்து தள்ளி இருப்பதைச் சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை. அத்தகைய கடைகளின் பெயரையும் திறந்திருக்கும் நேரத்தையும் எழுதிய ஒரு சிறு பலகையை, ஒளூச் செய்யும் இடத்தருகே மாட்டலாம் என்று நிர்வாகத்திடம் கூறியிருக்கிறேன். பார்ப்போம் என்றிருக்கிறார்கள்.

சென்ற வெள்ளியன்று நண்பர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. தாயார் நாட்டு மருந்துக்கடையில் கச்சோலமும் பேரரத்தையும் வாங்கிவரச் செய்து, கோழியை வாழையிலையில் பொதிந்திருந்தார். உமிக்கு நெல் அரவை ஆலைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். கச்சோலம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டேன்.