நொய்யலில் குளிக்கும் நாள் எது?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திருப்பூரின் பஸ் நிலையங்களில் ஒரு கூட்டம் சேரும். வாரத்தின் ஆறு நாட்களையும் தையல் மெஷினுக்கும் செக்கிங் மேசைக்கும் கொடுத்துவிட்ட பனியன் கம்பெனித் தொழிலாளர்கள், பிள்ளைகுட்டிகளோடு, துண்டும் மாற்றுத்துணியும் கட்டுச்சோறுமாக நிற்பார்கள். சிலர் கோபி பக்கம் கொடிவேரிக்கு, சிலர் உடுமலை வழியாகத் திருமூர்த்தி மலைக்கு. ஆடிப் பெருக்கு என்றால் கொடுமுடிக்கும் பவானி கூடுதுறைக்கும் போவார்கள். எல்லாம் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரத்தான். பஸ் கிளம்பி ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு பாலத்தின் மேல் ஏறி இறங்குகிறது. கீழே ஓடுவது நொய்யல். அதில் இறங்கிக் குளி என்று தன் பிள்ளையிடம் சொல்லத் துணிகிற தகப்பன் இந்த ஊரில் இல்லை.

இது வெட்கக்கேடு. இதை வெட்கக்கேடு என்று எந்த அதிகாரியும் இன்றுவரை உணராமல் இருப்பதைக் கண்டித்தே இதை எழுதுகிறோம்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர் பட்டீசுவரர் கோயிலைத் தொட்டு, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தின் நொய்யல் என்ற ஊரில் காவிரியில் கலக்கும் ஆறு இது. காஞ்சிமாநதி என்று பழைய பெயர். இதன் கரையில்தான் பழங்காலக் கொடுமணல் இருந்தது; இரும்பை உருக்கி, கல்மணிகளைப் பட்டை தீட்டிக் கடல் கடந்து விற்றவர்களின் ஊர். ஆற்றங்கரையில் தொழில் நடப்பதும், சரக்கு அயல்நாடு போவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தொழிலுக்காக ஆற்றையே பலி கொடுத்தது நம் காலத்தில்தான்.

சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டி முடித்தார்கள். சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் என்றார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்த அணையில் தேங்கியது திருப்பூரின் சாயக்கழிவு. மதகைத் திறந்தால் கீழேயுள்ள வயல் கெடும். மூடி வைத்தால் சுற்றியுள்ள கிணறுகள் கெடும். தங்களுக்காகக் கட்டிய அணையின் தண்ணீரைத் தங்கள் பக்கம் விடாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே போராட வேண்டிவந்தது. உலகத்தில் எந்த உழவன் அப்படிக் கேட்பான்? எவ்வளவு நொந்திருந்தால் கேட்டிருப்பான்?

அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளிலிருந்து கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்று கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை தண்டம் போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேலும் மூன்று மாதம் அவகாசம் தந்தது. பட்டறைகள் அதையும் மதிக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒருசேர மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். அன்று வேலையிழந்து நின்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் போன்றவர்கள்தான். ஆற்றை அழித்ததும் அவர்கள் அல்ல, கெடுவை மீறியதும் அவர்கள் அல்ல.

அதன் பிறகு நடந்த மாற்றத்தை மறைக்க மாட்டோம். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காமல் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீரோடு வந்துவிடும். நிறத்தை நீக்கிவிட்டால் தண்ணீர் தெளிந்து தெரியும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும். எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கும் கலன் என்று கோடிக்கணக்கில் கொட்டி அந்த உப்பையும் தண்ணீரையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் மாறியிருக்கிறது. போட்டியாளர்கள் பெரும்பாலும் சுமக்காத செலவு அது. அதைச் சுமக்கிற பட்டறைக்காரர்களை மதிக்கிறோம். அதனாலேயே, இரவிலும் மழை நேரத்திலும் ஓடையில் கழிவைத் திறந்துவிடுகிறவனைப் பொறுக்க முடியாது. அவன் ஆற்றை மட்டுமல்ல, நேர்மையாகத் தொழில் செய்கிற பக்கத்துப் பட்டறையையும் கொல்கிறான். அனுமதியில்லாமல் சந்துக்குள் நடக்கும் சிறு சாயப் பட்டறைகளுக்கு மின் இணைப்பைத் துண்டிப்பதும், சில வாரத்தில் அவை வேறு தெருவில் முளைப்பதும் எத்தனை ஆண்டுக் கதை? மழை பெய்தால் ஆற்றில் நுரை பொங்குவதைப் பாலத்தில் போகிற பள்ளிப் பிள்ளை பார்க்கிறது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்ணில் மட்டும் ஏன் தாமதமாகப் படுகிறது?

சாயம் நின்றால் ஆறு சுத்தம் என்று நினைப்பதும் தவறு. கோவையின் சாக்கடையைச் சுமந்துதான் நொய்யல் திருப்பூருக்குள் நுழைகிறது. ஊருக்குள் ஜம்மனை ஓடையும் நல்லாறும் சங்கிலிப்பள்ளமும் வீட்டுக் கழிவைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இரண்டு மாநகராட்சிகளும் வரி வசூலிக்கின்றன. சாக்கடையை ஆற்றின் தலையில் கட்டுகின்றன. ஊத்துக்குளி சாலை அருகே நஞ்சராயன் குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024இல் அதற்கு ராம்சார் ஈரநிலத் தகுதியும் கிடைத்தது. மகிழ்ச்சி. மனிதனுக்கு ஒரு படித்துறை எப்போது?

ஆற்றில் குளிக்கலாமா என்பதற்கு இந்த நாட்டில் அளவுகோல் இல்லாமல் இல்லை. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் எழுதியே வைத்திருக்கிறது: 100 மில்லி தண்ணீரில் கோலிஃபார்ம் கிருமி 500ஐத் தாண்டக்கூடாது, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. நொய்யலைப் பற்றி அதிகாரிகள் பேசும்போதெல்லாம் கரைந்த உப்பின் அளவைச் சொல்கிறார்கள். அது பட்டறைக்கான கணக்கு. குளிக்கிறவனுக்கான கணக்கை ஊரறியச் சொல்வதில்லை.

இதே மாநிலத்தில் சென்னைக்கு அருகே கோவளம் கடற்கரை 2021இல் கடற்கரைத் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்று பெற்றது. அதன் விதிப்படி அங்கே குளிக்கும் நீரைத் தவறாமல் சோதிக்க வேண்டும், முடிவை மக்கள் பார்க்க வைக்க வேண்டும். அட்லாண்டிக் ஓரத்தில் போர்ச்சுகல், பிரான்சு நாடுகளின் சின்னஞ்சிறு ஊர்களில்கூட, மணலில் இறங்குமுன் தண்ணீரின் தரத்தைப் பலகையில் படித்துவிட்டுத்தான் பிள்ளைகளைக் கடலுக்குள் விடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் போட்டிருக்கும் டி-சர்ட்டுகள் இங்கே தைத்து அனுப்பியவை. 1923 முதல் குளிக்கத் தடை இருந்த பாரிசின் சேன் ஆற்றை 2025 ஜூலையில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு நூற்றாண்டு அழுக்கை அவர்களால் அகற்ற முடிந்தது என்றால், ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய் அளவுக்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊருக்கு முடியாது என்று யார் சொல்வது?

சுத்தப்படுத்துகிறோம் என்ற வாக்குறுதியை இனி ஏற்பதற்கில்லை. கோவையும் திருப்பூரும் சுத்திகரிக்காத சாக்கடையை நொய்யலில் விடுவதை நிறுத்தும் நாளை எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஓடைகள் ஆற்றில் கலக்கும் இடங்களில் இரவிலும் கண்காணிப்பு வேண்டும். பிடிபடும் பட்டறைக்கு மின் துண்டிப்போடு நில்லாமல் இயந்திரத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும். மாதந்தோறும் எடுக்கும் நீர் மாதிரியின் கிருமிக் கணக்கையும் ஆக்சிஜன் அளவையும் ஊருக்குள் உள்ள ஒவ்வொரு பாலத்திலும் தமிழில் பலகையாக வைக்க வேண்டும். முழு ஆறும் ஒரே நாளில் திருந்தாது என்பது தெரியும். மேல்பக்கம் ஒரே ஒரு படித்துறையையாவது தேர்ந்தெடுத்து, அதில் குளிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர் கையெழுத்திட்டு அறிவிக்கும் தேதியைச் சொல்ல வேண்டும்.

வரும் ஆடிப் பெருக்குக்குள் பலகைகள் வரட்டும். எண்கள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள், படித்துக்கொள்கிறோம்.