எளிமையின் விலை

பழைய மோட்டார் வண்டியே வண்டி, இக்காலத்து வண்டியோ கணினிக்கு அடிமை என்று கூறுவோர் நம்மிடையே பலர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலே, பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் சிறிதளவு பெற்றோலால் இயங்கத் தொடங்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடி மக்களுக்கு உதவின. காபுரேற்றர் பொருந்திய எளிய எஞ்சின் அதனைப் பொறுத்துக்கொண்டது. இன்றைய எஞ்சின் பொறாது. ஆயினும், அவ்வெளிமைக்கு விலையும் உண்டு. அதனை வீதியிற் சென்றோரின் சுவாசப்பைகளே செலுத்தின.

புகைக் குறைவு, எரிபொருட் சிக்கனம், அமைப்பெளிமை ஆகிய மூன்றையும் எஞ்சினிடத்து நாம் வேண்டுகின்றோம். இவை ஒன்றோடொன்று முரண்படுவன. ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுச் சேரும்போதே மூவழி ஊக்கிமாற்றியானது காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன்கள், நைதரசன் ஒட்சைட்டுகள் ஆகியவற்றை ஒருங்கே நீக்கவல்லது. காற்றை மிகுத்தால் எரிபொருள் மீதமாகும். நைதரசன் ஒட்சைட்டுகளோ நீங்கா. ஆதலின், ஒட்சிசன் உணரியும், அது காட்டும் வழியில் எரிபொருளை அளந்து விடும் கணினியும் வேண்டியவாயின. பின்னர்ச் சிக்கனங் கருதிப் பெற்றோலை உருளைக்குள்ளே நேராகப் பீச்சினர். அதனால் நுண்டுகள்கள் மிகுந்தன. பெற்றோலாற் கழுவப்படாத உள்வாங்கு வால்வுகளிற் கரி படிந்தது. முன்னதற்கு வடிகட்டி வந்தது. பின்னதற்குச் சில எஞ்சின்களில் இரண்டாவது பீச்சித் தொகுதியே வந்தது.

இவ்வாறு சிக்கல் பெருகுதல் குற்றமென யான் கருதேன். சிக்கலை மறைத்தலே குற்றம். வொக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் வண்டிகளின் மென்பொருளில் வஞ்சனை செய்திருந்தமை 2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிப்பட்டது. சோதனைச்சாலையில் விதிக்கமைந்து ஒழுகிய அவ்வண்டிகள், வீதியிலே விதித்த அளவின் 40 மடங்குவரை நைதரசன் ஒட்சைட்டுகளை வெளிவிட்டன. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் அம்மென்பொருள் இருந்தது. முரணைத் தீர்க்கும் செலவை ஏற்க மனமின்றி, அதனை மீண்டும் மக்களின் சுவாசப்பைகள்மீதே சுமத்தினர்.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 1996ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் யாவும் ஒரே வகையான பிழையறி இணைப்பியைக் கொண்டிருத்தல் வேண்டுமென அந்நாட்டு விதி பணித்தது. எந்த நிறுவனத்தின் வண்டியாயினும், சாதாரணக் கருவியொன்றால் அதன் புகைக்கட்டுப்பாட்டுப் பிழைகளை அறியலாம். தூய்மையின் பொருட்டுச் சிக்கலை விதித்த சட்டமே, அச்சிக்கலைத் திறந்து பார்க்கும் சாவியையும் மக்கள் கையிற் கொடுத்தது. இதுவே நேர்மையான உடன்படிக்கை.

ஆகவே, எஞ்சின் எளிதாயிருத்தல் வேண்டுமென்று வாதாடுவதை விடுத்து, அது பழுதுபார்க்கத்தக்கதாய் இருத்தல் வேண்டுமென்று வாதாடுவோமாக. பிழைக்குறிகளையும் திருத்தும் முறைகளையும் நிறுவனங்கள் தமக்குள்ளே பூட்டிவைத்தல் தகாது. நம் மாணவரும் ஸ்பனரோடு அமையாது, பிழையறி கருவி கூறுவதைப் படித்தறியவும் பயிலல் வேண்டும். அறியாதவனுக்கு அடைத்த பெட்டியாகத் தோன்றும் எஞ்சின், அறிந்தவனுக்குப் பழைய ஒஸ்ரினைப்போலவே திறந்த நூலாகும்.