எரிசாராயம் யாருக்காக?

2023 முதல் அமெரிக்க இன்டிகார் பந்தயத்தில், கரும்புக் கழிவில் வடித்த எத்தனோல் கலந்த எரிபொருளிலேயே கார்கள் பறக்கின்றன. எத்தனோல் ஆவியாகையில் எஞ்சினைக் குளிர்விக்கிறது. உயர் அழுத்தத்தையும் தாங்குகிறது. பெற்றோலிலும் மூன்றிலொரு பங்கு ஆற்றல் குறைவென்பது, செலவை எண்ணாத பந்தயக்காரனுக்குப் பொருட்டன்று.

மாற்று எரிபொருளை யாழ்ப்பாணமும் அறியும். 1990 இல் வந்த பொருளாதாரத் தடையின்போது, சில துளி பெற்றோலால் எஞ்சினை இயக்கிப் பின் மண்ணெண்ணெயிலே காரோட்டினர் நம் மக்கள். அவர்களுக்கு வெற்றிக் கிண்ணம் கிடைக்கவில்லை, கரும்புகையே கிடைத்தது. 2022 இலே மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் மீனவர் வள்ளங்கள் கரையிற் கிடந்தன. ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று.

பந்தயத்தில் வென்றது நாளை வீதிக்கு வரும் என்பர். வரட்டும்! ஆனால் அதற்கென அமையாத பழைய வண்டியின் இறப்பர்க் குழாயை எத்தனோல் கெடுக்குமே. அச்செலவைச் சுமப்பவர் யார்? ஏழையன்றோ!

விஞ்ஞானத்தை நாம் வெறுக்கவில்லை. அது யாருக்கு ஊழியஞ் செய்கிறது என்றே கேட்கிறோம். மாற்று எரிபொருளின் முதற் சோதனைக்களம் பந்தயத் திடலன்று. பருத்தித்துறை மீனவனின் வள்ளமும் கோப்பாய்த் தோட்டக்காரனின் நீரிறைக்கும் இயந்திரமுமே!