பீப் சத்தத்தை நிறுத்தியது யார்?

'பீப்.' ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் 'பீப்.'

முதலிபாளையம் சிட்கோ பக்கம் ஏதோ ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் ஹால் கூரையில் இருக்கிற புகை டிடெக்டர் இப்படிக் கத்துகிறது. முதல் நாள் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். இரண்டாம் நாள் சூப்பர்வைசர் எலக்ட்ரீஷியனைத் திட்டுவார். மூன்றாம் நாள் ஏணி வரும், பேட்டரி கீழே இறங்கும். சத்தம் நின்றது, பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் ஷிப்மெண்ட் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

தீர்ந்ததா? சொல்ல வந்ததன் வாயை அடைத்ததற்குப் பெயர் தீர்வா?

அந்தக் கருவி சும்மா கத்துவதில்லை. அரை நிமிஷத்துக்கோ ஒரு நிமிஷத்துக்கோ ஒருமுறை ஒற்றை பீப் வந்தால், பெரும்பாலும் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். புது பேட்டரி போட்டும் நிற்கவில்லையா? உள்ளே தூசி அடைந்திருக்கலாம், அல்லது கருவிக்கே வயசாகியிருக்கலாம். புகை டிடெக்டரைப் பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தயாரித்த தேதி பின்பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். பேனலோடு இணைத்த கருவி என்றால், பேனலில் 'ஃபால்ட்' என்று மஞ்சள் விளக்கு எரியும். அது தீ அல்ல, பழுது. அதற்கு ஆள் கூப்பிட வேண்டும். ஆனால் நம்மவர்கள் 'சைலன்ஸ்' பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள்.

"சார், அது சும்மா சும்மா அடிக்குது. லைன் நிக்குது, புரொடக்‌ஷன் போகுது" என்பது கம்பெனிக்காரர்களின் வாதம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. புகை டிடெக்டருக்குள் ஒரு சின்ன ஒளிக்கற்றை இருக்கிறது. புகைத் துகள் பட்டு அது சிதறினால் அலாரம் அடிக்கும். அயர்ன் டேபிளின் நீராவி பட்டாலும் சிதறும், நிட்டிங் மெஷினிலிருந்து பறக்கிற பஞ்சு பட்டாலும் சிதறும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, அது யார் தப்பு? அயர்ன் பகுதியில் புகை டிடெக்டரை மாட்டச் சொன்னது யார்? அங்கே வெப்ப டிடெக்டர்தான் மாட்ட வேண்டும். சுமார் 57 டிகிரி செல்சியஸ் வந்தால் அடிக்கிற வகை சாதாரணமாகக் கிடைக்கிறது. தகரக் கூரைக்கு அடியில் என்றால் இன்னும் கூடுதல் டிகிரி வகை. பஞ்சு பறக்கிற இடத்தில் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். இந்தியாவில் இதற்கென்றே ஐ.எஸ். 2189 என்று ஒரு தரநெறி இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு டி-ஷர்ட் போடுகிற பாலிதீன் கவரையே டிடெக்டருக்கும் மாட்டிவிட்டால், அப்புறம் நிஜப் புகையையும் அது பார்க்காது.

ஜெனரேட்டர் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு இதைவிட மோசம். நிறமில்லை, வாசமில்லை. கருவி சொன்னால்தான் உண்டு. அதையும் கழற்றிவிட்டால்?

'பொய் அலாரம்' என்ற வார்த்தை எவ்வளவு ஆபத்து என்பதற்கு நம் தொழிலிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2012 நவம்பர் 24, டாக்கா அருகே தஸ்ரீன் ஃபேஷன்ஸ் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. கீழ்த்தளத்தில் நூலும் துணியும் குவிந்திருந்த இடத்தில் தீப் பிடித்தது. அலாரம் அடித்தது! எழுந்த தொழிலாளர்களை, ஒன்றுமில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று மேலாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். குறைந்தது 112 பேர் இறந்தார்கள். அங்கே கருவி தன் வேலையைச் செய்தது. அதை மனிதர்கள் நம்பவில்லை.

"எங்களிடம் சர்டிபிகேட் இருக்கிறது" என்பவர்களுக்குக் கராச்சி. அலி எண்டர்பிரைசஸ் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்தது. அடுத்த மாதம் 11-ம் தேதி அது எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீ வைக்கப்பட்டது என்று 2020-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இருக்கட்டும். தீ வைத்தவன் யாராக இருந்தாலும், பூட்டிய கதவும் கம்பி போட்ட ஜன்னலும் சான்றிதழ் வந்த நாளிலும் அங்கேதானே இருந்தன?

இங்கேயும் பையர் ஆடிட் என்றால்தான் புது பேட்டரி வருகிறது. ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் கவர் மறுபடி ஏறுகிறது.

கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். டிடெக்டர் வாங்கினால் அது சொத்து. வருஷா வருஷம் தேய்மானம் எழுதிக்கொண்டே வருகிறார்கள். கடைசியில் புத்தகத்தில் அதன் மதிப்பு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கூரையில் மட்டும் அது தொங்கிக்கொண்டே இருக்கும். அது செத்துவிட்டது என்று அக்கவுண்டண்டுக்குத் தெரியும். கீழே நிற்கிற செக்கிங் அக்காவுக்குத் தெரியாது. பேட்டரி வாங்காமல் மிச்சம் பிடித்தது லாபக் கணக்கில் வரும். அந்த அக்காவின் உயிருக்கு எந்தப் பக்கத்திலும் கலம் இல்லை.

கேட்பது ஒன்றும் பெரிதில்லை. பீப் கேட்ட தேதி, காரணம், சரி செய்த தேதி, கையெழுத்து - ஒரு ரெஜிஸ்டர். அதை ஆபீஸ் ரூமில் பூட்டி வைக்காமல் தொழிலாளிகள் பார்க்கிற இடத்தில் தொங்கவிட வேண்டும். அலாரம் அடித்தால் எல்லோரும் வெளியே போய்விட்டு அப்புறம் காரணம் தேட வேண்டும். பொய் அலாரம் என்றால் பத்து நிமிஷ புரொடக்‌ஷன் போகும். போகட்டுமே! ஓவர்டைம் போட்டு அதை மீட்டுவிடலாம்.