பங்கு என்பது கணக்குச் சொல்லும்கூட

திருச்சபையின் அடிப்படை அலகைக் குறிக்கத் தமிழில் இரு சொற்கள் வழங்குகின்றன. கத்தோலிக்கர் ‘பங்கு’ என்பர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிச் சீர்திருத்தச் சபையார் பல சபைகள் சேர்ந்த வட்டத்தைச் ‘சேகரம்’ என்பர். முன்னது பகிர்தலையும் பின்னது திரட்டுதலையும் பொருளாக உடையன. ‘பாரிஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லோ ‘பரோய்க்கியா’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அயலூரில் தங்கி வாழ்தல் என்பது அதன் பழம்பொருள். இம்மூன்று பொருள்களும் ஒருங்கே பொருந்தும் இடமாக நவி மும்பையின் நெருளை நான் காண்கிறேன். அயலூரில் தங்கியோர் திரட்டுகின்றனர், பகிர்கின்றனர். ஆனால் திரட்டியதும் பகிர்ந்ததும் எவ்வளவு என்பதை அவர்களுக்கு எந்த மொழியில் சொல்கிறோம்? இப்பதிவு அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். 1970இல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் திட்டமிட்டு எழுப்பிய நகரத்தின் ஒரு பகுதி நெருள். துறைமுக வழித்தட ரயில் 1992இல் வாசிக்கும் அடுத்த ஆண்டு நெருளுக்கும் வந்த பிறகு, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நெருக்கி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கழிமுகத்தைக் கடந்து வந்தன. அவற்றுள் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கிறித்தவக் குடும்பங்களும் உண்டு. வீட்டுவேலை செய்யும் பெண்களும், வாடகை வண்டி ஓட்டுநரும், துறைமுகப் பணியாளரும், மென்பொருள் பொறியாளரும் ஒரே பாய்வரிசையில் அமர்ந்து பாடும் சபைகள் இப்படித்தான் உருவாயின. எல்லாச் சபைக்கும் சொந்தக் கட்டடம் இல்லை. சிலர் பிற மொழிச் சபையின் ஆலயத்தில் மாலைநேரத்தை வாடகைக்குப் பெற்று வழிபடுகின்றனர்.

ஒரு சபையின் ஆண்டு வாழ்வை அறிய அதன் வரவேட்டைப் பார்த்தாலே போதும். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் காணிக்கைப் பை நிறையும். லெந்து நாற்பது நாளும் ஒறுத்துச் சேமித்த சிறு உறைகள் உயிர்ப்பு ஞாயிறன்று வந்து சேரும். மே மாதத்தில் பாதிச் சபை நாகர்கோவில் ரயில் ஏறிவிடும். வரவு மெலியும், விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு எஞ்சிய பிள்ளைகள் மட்டும் வருவர். ஜூனில் மழை தொடங்கும். ஒழுகும் கூரை செலவுப் பக்கத்தில் ஏறும். அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் சேவலும் ஏலம் போகும். நெருளில் எவரும் எதையும் அறுப்பதில்லை. வாழைத்தார் சந்தையில் விலைக்கு வாங்கியதுதான். ஆயினும் பண்டிகையின் பெயர் மாறவில்லை. டிசம்பரில் கீதபவனி ஜூய்நகர், சீவுட்ஸ் என வீடுவீடாகச் செல்லும். பிறகு ஆண்டுப் பொதுக்கூட்டம், கணக்கு.

கடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் நான் கண்டது இது. சபையின் பெயர் இங்கே வேண்டா. வரவு செலவு அறிக்கை திரையில் ஆங்கிலத்தில் ஒளிர்ந்தது. பொருளாளர் தலைப்புகளை ஆங்கிலத்திலும் தொகைகளைத் தமிழிலும் விரைவாக வாசித்தார். கால்மணி நேரத்தில் முடிந்தது. ‘கேள்வி உண்டா?’ என்றார். பின்வரிசையில் ஒரு மூதாட்டி எழுந்தார். “தையல் வகுப்புக்கு எவ்வளவு குடுத்தீய, தம்பி?” என்று கேட்டார். பொருளாளர் பணிவாகவே, “அது அவுட்ரீச்ல வந்துடுது, பாட்டி” என்றார். மூதாட்டி ஒரு கணம் நின்றார், பிறகு அமர்ந்தார். அறிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது.

பொருளாளர் நேர்மையானவர். தணிக்கையாளர் கையொப்பமிட்ட கணக்கு அது. ஒரு ரூபாயும் தவறவில்லை. ஆகவே இதை முறைகேட்டின் கதையாக எவரும் வாசிக்க வேண்டா. ஆனால் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதும், கிடைக்காததை அவையில் எவரும் உணரவில்லை என்பதும் உண்மை. அந்த மூதாட்டி ஒரு தொகையைக் கேட்டார். பதிலாக அவருக்குக் கிடைத்தது ஒரு தலைப்பு.

‘அவுட்ரீச்’ என்பதை ‘சமூகப் பணி’ என மாற்றிவிட்டால் சிக்கல் தீருமா? தீராது. ‘இதரச் செலவுகள்’ என்னும் தூய தமிழ்த் தலைப்பும் இதே மறைப்பைச் செய்யும். மொழியியல் படித்த எவருக்கும் இது தெரிந்ததே: பெயர்த்தொடர் எழுவாயின்றி நிற்கும், வினைமுற்றுள்ள வாக்கியம் யார், யாருக்கு, என்ன, எப்போது என்பவற்றைக் கேட்டு நிற்கும். ‘கல்வி உதவி’ என்பது தலைப்பு. ‘ஜூன் மாதத்தில் இத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினோம்’ என்பது வாக்கியம். இரண்டாவதில் ‘கட்டினோம்’ என்னும் தன்மைப் பன்மை விகுதி இருக்கிறது. காணிக்கையிட்டவர் அந்த ‘ஓம்’ விகுதிக்குள் வந்துவிடுகிறார். சபைக்குத் தன் கணக்கைத் தமிழில், அதுவும் வாக்கியங்களில் சொல்ல வேண்டும் என்று நான் கோருவது இதனால்தான்.

இக்கோரிக்கை திருச்சபைக்குப் புதிதன்று. அப்போஸ்தலர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரம் பதிவு செய்யும் தொடக்கச் சபைப் பூசல் பணத்தைப் பற்றியது மட்டுமன்று, மொழியையும் பற்றியது. அன்றாடப் பந்தி விசாரிப்பில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கம் பேசியோர் எபிரேயர்மேல் முறையிட்டனர். தீர்வாக ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். எழுவரின் பெயரும் கிரேக்கப் பெயர். முறையிட்டோரின் மொழியறிந்தவரிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது என்று இதை வாசிக்கலாம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில், எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுசெல்வதில் எவரும் குறைசொல்லாதபடி, தீத்துவுடன் சபைகள் நியமித்த ஒருவரையும் பவுல் அனுப்புகிறார். கடவுளுக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் ஒழுங்கு வேண்டும் என்பது அவர் கருத்து.

சட்டமும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது (537). நம்பிக்கையாளர் அளித்தவற்றைக் குறித்து அவர்களுக்கே நிர்வாகிகள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது (1287). மகாராட்டிரத்தில் 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை அற ஆணையர் அலுவலகத்துக்கு அளிக்கக் கடமைப்பட்டவை. அரசுக்கு அரசின் மொழியில் அளிக்கிறோம். அதில் குறையில்லை. ஆனால் அரசுக்கென்று தயாரித்த அதே தாளைச் சபையாருக்கு முன் நீட்டுவது, கணக்குக் கொடுத்தல் ஆகாது. கணக்கைக் காட்டுதல் மட்டுமே ஆகும்.

நெல்லைச் சபை மரபு இந்த வேறுபாட்டை அறிந்திருந்தது. தமிழுக்கு இலக்கண நூல் எழுதிய ரேனியஸ், 1830இல் பாளையங்கோட்டையில் தரும சங்கத்தை நிறுவினார். புதிதாகச் சபையில் சேர்ந்து இருப்பிடம் இழந்தவர்களைக் குடியேற்ற நிலம் வாங்குவது அதன் நோக்கம். 1903இல் அசரியா முதலானோர் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், அயல்நாட்டுப் பணத்தை நாடாமல் இந்தியப் பணத்தாலும் இந்திய ஊழியராலும் இந்திய நிர்வாகத்தாலும் நடப்பதைக் கொள்கையாகக் கொண்டது. பனையேறிகளும் சிறு உழவரும் நிறைந்த சபைகளிடம் கேட்டு, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பினர். கொடுத்தவருக்கு அந்த ஊர் தெரியாது. எதற்காகக் கொடுத்தோம் என்பது தெரியும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் நிற்பது பிடியரிசி. உலையில் அரிசியிடுமுன் ஒரு கைப்பிடியைத் தனிப்பானையில் எடுத்து வைத்து, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவரும் வழக்கம். மிசோரம் சபைகளில் 1910இல் தொடங்கிய ‘புஃபாய் தாம்’ இதன் உடன்பிறப்பு. வருமானம் கையில் வராத பெண்ணும் கொடையாளர் ஆவதற்கு வழிசெய்த பொருளியல் அது. அரிசியை அளந்து கொட்டும்போது அருகிலிருந்தோர் கண்ணால் கண்டனர். எழுதப்படிக்கத் தெரியாதவரும் தணிக்கை செய்யக்கூடிய கணக்கு அது.

இன்று நெருளில் பிடியரிசி இல்லை. காணிக்கைத் தட்டின் அருகே விரைவுக்குறி அட்டை நிற்கிறது. அதை நான் பழிக்கவில்லை. வசதியானது, ஒவ்வொரு ரூபாய்க்கும் தடம் வைப்பது. ஆனால் அந்தத் தடம் கொடுத்தவரின் கைப்பேசியிலும் வங்கியிலும் முடிந்துவிடுகிறது. சபை முழுவதும் காதால் கேட்கும் கணக்கு இன்னும் ஒன்றே ஒன்று: ஏலம். ஒரு தேங்காயை ஆயிரங்களுக்கு எடுத்தவர் பெயர் மூன்று முறை ஒலிக்கிறது. தையல் வகுப்புக்கென உறையில் ஐம்பது ரூபாய் வைத்தவரின் பணம் எங்கே போயிற்று என்பது ஒரு முறையும் ஒலிப்பதில்லை. பல சபைகளில் சங்கக் காணிக்கை செலுத்தியவருக்கே வாக்குரிமை உண்டு. அவ்வாறாயின் கணக்கு புரியாத வாக்கு எத்தகைய வாக்கு?

மறுப்புகளை அறிவேன். ‘வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது’ என்ற போதனையைச் சிலர் முன்வைப்பர். அது கொடுப்பவரின் அடக்கத்துக்குச் சொன்னது. பிறர் கொடுத்ததைச் செலவிடுபவருக்கு அது பொருந்தாது. உதவி பெற்றவரின் மானம் என்னாவது என்பர். பெயர் வேண்டா, எண்ணிக்கையும் நோக்கமும் தொகையும் போதும். மூன்றாவது மறுப்பே வலுவானது: நெருளில் பிறந்த பிள்ளைகளுள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது, தமிழறிக்கை இளையோரை வெளியே நிறுத்தாதா? நிறுத்தக்கூடும், அச்சோடு நின்றுவிட்டால். அப்பிள்ளைகள் தமிழ் கேட்டுப் புரிந்துகொள்பவர்கள். திருவசனத்தை அப்படித்தான் கேட்கின்றனர். கணக்கையும் அவ்வாறே வாய்விட்டு வாசிப்போம். அச்சில் இரு மொழியும் இருக்கட்டும்.

ஆகவே நான் முன்மொழிவது எளியது. ஆண்டறிக்கையின் முதற்பக்கம் தமிழ் வாக்கியங்களால் ஆனதாக இருக்கட்டும்: எவ்வளவு வந்தது, எவ்வளவு ஆலயத்துக்குள் செலவாயிற்று, எவ்வளவு வெளியே சென்றது, யாருக்காக. அது பொதுக்கூட்டத்துக்கு இரண்டு ஞாயிறு முன்னரே கையில் கிடைக்கட்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்த பணம் தனி வரியில் நிற்கட்டும். வாசிப்பவர் பொருளாளராகவே இருக்க வேண்டியதில்லை; பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒருவர் வாசிக்கலாம். கேள்விக்கு ஒதுக்கும் நேரம் ஏலத்துக்கு ஒதுக்கும் நேரத்துக்குக் குறையாதிருக்கட்டும்.

ஆய்வாளரான நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். புலம்பெயர் தமிழ்க் கிறித்தவத்தை மதமாற்றம், சாதி, அடையாளம் என்னும் மூன்று வாசல்கள் வழியாகவே நாம் பெரும்பாலும் நுழைகிறோம். நான்காவது வாசல் ஒன்று சபை அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கிறது. நான்கு பக்க ஆண்டறிக்கைகள், கைப்பட எழுதிய வரவேடுகள், அறுப்பின் பண்டிகைப் பட்டியல்கள். ‘சங்கக் காணிக்கை’ எந்த ஆண்டில் ‘சப்ஸ்கிரிப்ஷன்’ ஆயிற்று, ‘ஏழையர் நிதி’ எப்போது ‘அவுட்ரீச்’ ஆயிற்று என்பதை அவை சொல்லும். அந்தச் சொல்மாற்றத்தோடு பணமும் இடம் மாறியதா என்பதையும் சொல்லக்கூடும். ஆலயம் வெள்ளையடிக்கும்போதெல்லாம் இத்தாள்கள் பழைய காகிதக் கடைக்குப் போகின்றன. நிர்வாகிகளின் ஒப்புதல் பெற்று, உதவி பெற்றோர் பெயர்களை நீக்கி, நம் நம் சபையில் கிடைப்பதைப் படியெடுத்து வைப்போம்.

கூட்டம் முடிந்து அசனத்துக்கு வரிசையில் நின்றபோது அந்த மூதாட்டியின் அருகே அமர்ந்தேன். தையல் வகுப்பைப் பற்றி ஏன் கேட்டீர்கள் என்றேன். ஊரிலிருந்து வந்திருந்த தம் பேத்தியை அதில் சேர்க்க நினைத்ததாகவும், பணம் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு கேட்கலாம் என்றிருந்ததாகவும் சொன்னார். கணக்கில் அதற்குப் பணம் இருந்தது. பிறகு நான் பொருளாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றே அவரிடம் சொல்லியும் விட்டேன். எனக்குக் கிடைத்த விடை அவருக்குக் கிடைக்காமல் போனதற்கு, எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.