அடிக்கும் கைக்குச் சாக்குத் தேடாதீர்கள், தோழர்களே!



2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கு ஐம்பதாவது நாளை நெருங்கிய நேரம் அது. ‘வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்’ என்று நாமும்தான் பகிர்ந்தோம். அந்த வீட்டுக்குள்ளேயே அடிவாங்கும் பெண் எங்கே போவாள்?

பிப்ரவரி 27 முதல் மார்ச் 22 வரை தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 123. மார்ச் 23 முதல் ஏப்ரல் 16 வரை 239. தபால் முடங்கிய நாட்களில், பெரும்பாலும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்தவை இவை. தான் பயன்படுத்தத் தனக்கென்று கைபேசி உள்ள பெண்கள் நாட்டில் பாதிக்கும் குறைவாகவே இருந்தார்கள் என்கிறது 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வு. எழுத வழியே இல்லாதவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன ஓடுகிறது? பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி, மூலையில் நடுங்கும் கணவன் என்று கேலிப் படங்கள். சிரித்துவிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோம். நேற்றிரவு தனக்கு நடந்ததை இங்கே சொல்லலாமா என்று ஒரு பெண் தோழர் யோசித்துக்கொண்டிருந்தால், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சொல்லாமல் விட்டுவிடுவார். அவரை ஊமையாக்கியது நாம்தான்.

அடுத்து, சாக்கு. குடி கிடைக்காத எரிச்சலில் அடித்தான் என்று ஏப்ரலில் எழுதினார்கள். மே 7-இல் டாஸ்மாக் மதுக்கடைகள் திறந்ததும், குடித்ததால் அடித்தான் என்றார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. அதற்காகப் போராடிய பெண்களோடு நாமும் நிற்கிறோம், நிற்போம். ஆனால், ஆணையத்துக்கு வந்த புகார்கள் ஏறக்குறைய இரட்டிப்பானது நாடெங்கும் மதுக்கடைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்த வாரங்களில்! வேலையிழப்பு, பசி என்பார்கள்; அவை அவளுக்கும்தான். அவள் யாரையும் அடிக்கவில்லையே.

அப்புறம் அந்தக் கேள்வி: “ஏன் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாள்?” ஊரடங்கில் பேருந்து ஓடவில்லை, பிறந்த வீடு வேறு மாவட்டத்தில். அதைவிட முக்கியம், அவள் ஏன் வெளியேற வேண்டும்? 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. அடிப்பவனை வெளியேறச் சொல்ல நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. இதை எத்தனை பதிவுகளில் எழுதினோம்?

இன்றே தொடங்குவோம்:

பூரிக்கட்டைப் படம் வந்தால் அந்தக் குழுவிலேயே, அப்போதே கண்டியுங்கள். அனுப்பியவர் மூத்த தோழராக இருந்தாலும் சரி.

அடிபடும் பெண்ணின் வீடியோவை, பெயரை, தெருவைப் பரப்பாதீர்கள். நியாயம் கேட்கும் ஆவேசத்தில் அவளை ஊர் முன்னால் நிறுத்தாதீர்கள்.

ஒருத்தி உதவி கேட்டால் பொதுவில் விசாரிக்காதீர்கள். அவள் கைபேசி அவன் கையில் இருக்கலாம். எப்போது, எப்படிப் பேசலாம் என்பதை அவளே சொல்லட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 100.

நிவாரணப் பை ஒவ்வொன்றிலும் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அச்சிடுங்கள். எல்லா வீட்டுக்கும் போனால், யார் மீதும் சந்தேகம் விழாது. ரேஷன் கடை, பால் பூத், மருந்துக் கடை வாசலிலும் ஒட்டுங்கள்.

கடைசியாக, நமக்குள். மேடையில் முழங்கிவிட்டு வீட்டில் கை ஓங்குபவன் இருந்தால், “நல்ல உழைப்பாளி, இயக்கத்துக்குத் தேவையானவர்” என்று மூடி மறைக்காதீர்கள். புகாரை எடுங்கள், விசாரியுங்கள், பொறுப்பிலிருந்து இறக்குங்கள்.

கிளைதோறும் இந்த வாரமே பேசுங்கள். தெருவுக்கு இரண்டு பெண் தோழர்களைப் பொறுப்பாக்குங்கள். ‘குடும்ப விஷயம்’ என்று ஒதுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் நம் பதில் ஒன்றே: இது குற்றம், அவள் தனியாக இல்லை, நாங்கள் வருகிறோம்!