வெட்டிய ஏரி என்றால் விற்கலாமா?

தெற்குக் கல்கத்தாவின் ரவீந்திர சரோவர் இயற்கையான ஏரியே அல்ல, மனிதன் தோண்டிய குளம், அதை 'இயற்கை' என்று சொல்லிக் கொடி பிடிப்பது பாசாங்கு என்று ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். ஏரிக்குப் பக்கத்து லேக் கார்டன்ஸ்வாசி. பெயர் வேண்டாம், எனக்குச் சண்டை அவருடைய வாதத்தோடுதான். கரையோரம் 'சும்மா கிடக்கும்' மூன்று ஏக்கரை அடுக்கு வாகன நிறுத்தத்துக்கும் உணவு வளாகத்துக்கும் கொடுத்துவிட்டால், அந்த வாடகையிலேயே ஏரியைப் பராமரிக்கலாமாம். போகிற போக்கில் நரேந்திரபூர் பறவைகள் சரணாலயத்துக்கும் ஒரு குத்து: கைவிட்ட மாந்தோப்புக்கு அரசு தண்டம் அழுகிறதாம்.

ஏரி வெட்டப்பட்டதுதான். யார் இல்லையென்றார்கள்? 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 192 ஏக்கர் சதுப்பையும் புதர்க்காட்டையும் எடுத்துக்கொண்டு மண்ணைத் தோண்டியது. அந்த மண்ணைக் கொட்டித்தான் சுற்றுவட்டாரப் பள்ளங்கள் மேடாகி மனைகளாயின. தோண்டிய இடம் டாக்குரியா ஏரியாயிற்று. 1958இல் தாகூர் பெயரைப் பெற்றது. அன்பர் இந்தக் கதையில் பாதியைத்தான் சொல்கிறார். வீடு கட்டுகிறவர்களின் பங்கு அன்றைக்கே முழுசாகக் கொடுபட்டுவிட்டது என்பது மற்றப் பாதி. பாகப்பிரிவினையில் தன் பங்கை வாங்கி விற்றுத் தின்றுவிட்டு, தம்பி பங்கில் மூன்று சென்ட் சும்மாதானே கிடக்கிறது என்று வந்து நிற்கும் அண்ணனின் குரல் இது.

சரி, எது சும்மா கிடக்கிறது? 192 ஏக்கரில் தண்ணீர் மட்டும் 73 ஏக்கர். மீதியில் ஒரு ஸ்டேடியம், நஸ்ருல் மஞ்ச் அரங்கம், படகு கிளப்புகள், நீச்சல் கிளப்புகள், நடைபாதைகள், விளக்குக் கம்பங்கள். இவ்வளவும் போக மரம் நிற்கிற இடம்தான் அவர் கண்ணுக்குக் காலி மனையாகத் தெரிகிறது. இத்தனை பேர் உள்ளே இருந்தும் பராமரிப்புக்குக் காசில்லை என்றால், இருக்கிறவர்களிடம் கணக்குக் கேட்பதுதானே முறை? கிளப்புகளின் குத்தகையைப் பற்றி அவர் ஒரு வரி எழுதவில்லை. புதிதாக ஒரு குத்தகைதாரரைக் கொண்டுவந்து உட்கார வைப்பதில்தான் அவருக்கு அவசரம்.

வெட்டியது, நட்டது, ஆகவே இயற்கையல்ல என்ற அளவுகோலைக் கல்கத்தா முழுவதற்கும் வைத்துப் பார்ப்போம். ஊருக்குக் கிழக்கே இருக்கும் சதுப்பு நிலங்களில் ஊர்ச் சாக்கடை போய் விழுகிறது; மீன் வளர்ப்பவர்கள் கரை கட்டி, 'பேரி' எனப்படும் ஆழம் குறைந்த மீன்குளங்களில் அதைத் தேக்கி, வெயிலையும் பாசியையும் கொண்டு தெளியவைத்து மீனாக்கி நமக்கே விற்கிறார்கள். அத்தனையும் மனிதக் கைவேலை. அது வெறும் சாக்கடைக் குட்டையல்ல, ஊர்க் கழிவுநீரைச் செலவில்லாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு என்று எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ், ஓர் அரசுப் பொறியாளர். அங்கே வர்த்தக மையம் கட்டலாம் என்ற பேச்சு வந்தபோது 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட்டது. 1992இல் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி சதுப்பின் பக்கம் நின்று தீர்ப்புச் சொன்னார். பத்து வருஷம் கழித்து 12,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. அன்பரின் அளவுகோலில் அதுவும் போலி.

நரேந்திரபூருக்கு வருகிறேன். லேக் கார்டன்ஸிலிருந்து தெற்கே கரியா தாண்டினால் வந்துவிடும். உள்ளூரில் காயலர் பாகான். மா, பலா, தென்னை என்று பழத்துக்காக யாரோ நட்டு, பிறகு கவனிப்பில்லாமல் அடர்ந்துபோன சுமார் 17 ஏக்கர். சுற்றிலும் மனை விலை ஏறிக்கொண்டே வந்த பகுதி. தோப்பு தப்பியதற்குக் காரணம் பக்கத்திலேயே ஸ்டுடியோ வைத்திருந்த சிற்பி சிந்தாமணி கர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கலைப் போட்டி என்று ஒன்று இருந்தது. அதில் பிரிட்டன் சார்பில் வெள்ளி வென்றவர், பிறகு கல்கத்தா அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வர். சரணாலயமாக்கும் உத்தேசத்தை 1982இல் அரசு அறிவித்தது. நிலம் அரசின் கைக்கு வந்தது 2004இல். நடுவே இருபத்திரண்டு வருஷம் அந்த மரங்கள் வெட்டுப்படாமல் நின்றன. கர் 2005இல் காலமானார். சரணாலயத்துக்கு அவர் பெயர் வைத்ததும் அதே வருஷம்தான். இதைத்தான் அன்பர் தண்டம் என்கிறார். பணம் போனது அவர் கண்ணில் படுகிறது, ஒரு கிழவர் கொடுத்த ஆயுள் படவில்லை.

அவர் உள்ளே போயிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். வனத்துறை டிக்கெட் கொடுத்து யாரையும் விடுகிறது. காலையிலேயே போய்ப் பார்க்கட்டும். அங்கே தரையை யாரும் பெருக்குவதில்லை. மாவிலைச் சருகு மெத்தையாகக் கிடக்கிறது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே உளுத்து, அதன்மேல் காளான் தட்டுத் தட்டாகப் பிடித்திருக்கிறது. கிளைகளில் பெரணி. செந்தலைப் பூங்குருவி சருகை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பூச்சி தேடும் சத்தம், பறவை கண்ணில் படுமுன் காதுக்கு வந்துவிடும். இந்தக் குப்பைதான் அதற்குச் சோறு. சரோவரிலோ 'அழகுபடுத்தல்' என்ற பெயரில் நடைபாதைக்கு டைல்ஸ் ஒட்டி, புதரைக் கழித்து, சருகைச் சாக்கில் கட்டி வெளியே அனுப்புகிறார்கள். பிறகு பறவை குறைந்துவிட்டதே என்று நாமே அங்கலாய்க்கிறோம். இந்த அழகுபடுத்தலில் வரும் புல்தரையும் விளக்கும் பறவைக்கு வெறும் மொட்டைத் திடல்தான்.

இடமில்லாவிட்டால் பறவைகள் சுந்தரவனம் போய்க்கொள்ளும் என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார். மாந்தோப்பு நிழலில் சருகு கிளறுகிற பறவை, அலையேறும் சேற்றிலும் கண்டல் காட்டிலும் போய் எதைக் கிளறும்? லேக் கார்டன்ஸில் வீடு கிடைக்காதவர் சாகர் தீவில் போய்க் குடியேறட்டும் என்று நாளை யாராவது எழுதினால் அன்பர் அதை யோசனை என்று எடுத்துக்கொள்வாரா?

ஒரு குற்றச்சாட்டு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டியது. பீகார்க்காரர்கள் நீர்க்கரையில் சூரியனை வழிபடும் சட் பூஜைக்கு வரும் ஏழைகளை மேட்டுக்குடிகள் விரட்டிவிட்டார்கள் என்கிறார். ஏரியில் பூஜை கூடாது என்று 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இலும் 2019இலும் உத்தரவு காற்றில் போனது; 2019இல் கதவுப் பூட்டை உடைத்துக்கொண்டு கூட்டம் உள்ளே போயிற்று. 2020இல் ஏரியைக் காக்க வேண்டிய பெருநகர வளர்ச்சி ஆணையமான கே.எம்.டி.ஏ.வே பூஜைக்கு அனுமதி கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், அது மறுத்ததும் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கும் நடக்கவில்லை. வேறு குளங்களில் படித்துறை அமைத்துக் கொடுத்தார்கள். பக்தர்கள் அங்கே அர்க்கியம் கொடுத்தார்கள், சூரியனும் உதித்தது. காவல்காரரே கதவைத் திறந்துவிடச் சொல்லி மனுப் போடும் ஊரில், அக்கம்பக்கத்துக்காரர் குரல் கொடுப்பது பொழுதுபோக்கல்ல. 2016இல் ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். கால்பந்து ஆட்டங்கள் நடந்தபோதும் வெளிச்சமும் இரைச்சலும் பறவைகளைப் பாதிக்கும் என்று தீர்ப்பாயத்தை எட்ட வேண்டியிருந்ததே, அங்கே வந்த கூட்டம் ஏழைகளா? ஏழைகள் மீது இந்த உருக்கம் உண்மையானால், விரதம் முடித்த ஒரு பீகார்ப் பெண் அன்பரின் உணவு வளாகத்தில் உட்கார்ந்து இரண்டு லிட்டி சாப்பிட எவ்வளவு ஆகும் என்றும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

வீடு, வண்டி, இடம் போதவில்லை என்பது பொய்யல்ல. ஆனால் நம் பேட்டைக்குப் பக்கத்திலேயே உஷா தொழிற்சாலை நிலம் சவுத் சிட்டியாகி, கோபுரங்களும் மாலும் எழுந்துவிட்டன. அதனால் பிரின்ஸ் அன்வர் ஷா ரோட்டில் நெரிசல் குறைந்ததா என்று சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பக்கம் போனவர்களைக் கேளுங்கள். மேற்கு வங்கத்தில் ஐந்து கட்டாவுக்குக் குறையாத நீர்நிலையைத் தூர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அது இருந்தும் பக்கத்திலேயே உள்ள விக்ரம்கட் ஜீல் என்ற ஏரி ஓரம் ஓரமாகச் சுருங்கிற்று. 'ஓரத்தில் கொஞ்சம்தானே' என்ற பேச்சில்தான் அதெல்லாம் தொடங்கும். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு நடந்ததும் அதுதான். மிச்சத்துக்கு 2022இல் ராம்சார் அந்தஸ்து வந்தது, வெள்ளத்தில் மூழ்குகிறவர்கள் மூழ்கிய பிறகு.

அன்பர் கேட்கும் அந்த மூன்று ஏக்கர் எந்தப் பக்கம் என்று அவர் கட்டுரையில் எங்குமே இல்லை. சதர்ன் அவென்யூ பக்கமா, ரயில் பாதை பக்கமா? எத்தனை மரம் விழும், ஆம்பன் புயலில் சாய்ந்தவற்றுக்குப் பதில் நட்ட கன்றுகளும் அதில் சேர்த்தியா, வாடகை ஏரிக்கு வருமா அல்லது பொதுக் கஜானாவில் கரையுமா? அடுத்த கட்டுரையில் வரைபடத்தோடு எழுதட்டும். ஆட்சேப மனுவில் சர்வே எண் குறிப்பிட எங்களுக்கும் சௌகரியமாக இருக்கும்.